மாலை சூடப் போகிறவர்கள்

கார்னெயோஸ் மாதம், வளர்பிறை ஐந்து

இன்று ஸ்பார்த்தாவின் கட்டியக்காரன் எங்கள் அடிமைக் குடியிருப்புக்கு வந்தான். போரில் ஸ்பார்த்தாவுக்காக அதிகம் உழைத்த அடிமைகள் முன்வந்து சொல்லலாமாம். தேறியவர்களுக்குத் தலையில் மாலை, பிறகு விடுதலை.

அண்ணன் லாம்போன் அத்திப்பழக் கூடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தான். தீவில் மாட்டிக்கொண்ட ஸ்பார்த்தா வீரர்களுக்கு, எதிரிக் கப்பல்களுக்கு அடியில் முங்கி நீந்தி, தோல்பையில் தேனும் கசகசாவும் கொண்டுபோனவன் அவன். அவனும் நண்பன் தோர்கோனும். அவர்களுக்கு இல்லாத விடுதலையா?

எனக்கு ஏன் பயமாக இருக்கிறது? வருடா வருடம் புது ஆட்சியாளர்கள் பதவியேற்றதும் முதல் வேலையாக எங்கள்மேல் போர் அறிவிக்கிறார்கள். எங்களில் ஒருவனைக் கொன்றால் பாவம் ஒட்டக்கூடாது என்பதற்காக. அதே வாய் இன்று விடுதலை என்கிறது.

வளர்பிறை ஏழு

எஜமானிக்குக் கம்பளி சிக்கெடுத்துக்கொண்டிருந்தேன். நான் வாய் திறக்காதவள், அதனால் என்னை வைத்துக்கொண்டே எல்லாம் பேசுவார்கள். பக்கத்து வீட்டு அம்மாளிடம் எஜமானி சொன்னாள்:

"தோர்கோன் பெண்டாட்டி நிக்கோவுக்குக் குளிர் வர்றதுக்குள்ள வேற ஒருத்தனைச் சேர்த்து வைக்கணும். நல்ல உடம்புக்காரி, வீணாப் போயிடும்."

தோர்கோன் அவளையும் கூட்டிக்கொண்டு போவேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறான். உயிரோடு இருக்கும் புருஷனுக்கு எதற்கு மாற்று ஆள்? பஞ்சு போலிருந்த கம்பளியைப் பிய்த்தே விட்டேன்.

வளர்பிறை எட்டு

அண்ணனிடம் சொன்னேன். சிரித்தான். "எலி ஓடுனாலே கூரை ஏறுறவ நீ. எஜமானி பொண்ணு பக்கத்துல உக்காந்து நாலு எழுத்து கத்துக்கிட்டா எல்லாம் தெரிஞ்சிடுமா?" எங்கள் வம்சத்தில் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். என்ன பிரயோசனம்.

நிக்கோவிடமும் சொன்னேன். "உங்கண்ணன் தேறாமப் போயிடுவானோன்னு இப்பவே பொறாமையாடி?" என்று கன்னத்தைக் கிள்ளினாள்.

வளர்பிறை ஒன்பது

நாளை அதிகாரி வந்து ஆட்களைத் தேர்ந்தெடுக்கப் போகிறானாம். சாப்பிட முடியவில்லை.

வளர்பிறை பத்து



தோர்கோனும் கூட நீந்திய மற்றவர்களும் காலையிலேயே தேறி, கோயிலுக்குப் போய்விட்டார்கள். லாம்போனுக்கு அத்தி பறிக்கும் வேலை முடிய நேரமாகிவிட்டது. அவன் முறை வந்தபோது, இவனுக்கு யார் சாட்சி என்று அதிகாரி கேட்டான். கூட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த நான் எப்படி முன்னால் போனேன்? தெரியவில்லை. என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"சத்தமா சொல்லு, பொண்ணே."

"இவன் தீவுக்குப் போகலைங்க. பாதியிலயே கரைக்குத் திரும்பிட்டான். பையில இருந்த தேனையும் இவனே குடிச்சிட்டான். நான் இவன் தங்கச்சி."

எல்லோரும் சிரித்தார்கள். கூடப் பிறந்தவளே சொல்கிறாள் என்று அதிகாரி கோலால் அவனை வெளியே தள்ளினான். அண்ணன் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை எழுத வேண்டாம்.

பௌர்ணமி

மாலை சூடியவர்கள் குழல் முழங்கக் கோயில் கோயிலாகச் சுற்றி வந்தார்கள். தோர்கோனுக்கு மாலை சற்றுப் பெரிது, காதில் சரிந்து கிடந்தது. நிக்கோ அழுதுகொண்டே சிரித்தாள்.

அண்ணன் வீட்டுக்குள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். ஒன்றே ஒன்று சொன்னான்: "எனக்குத் தங்கச்சி கிடையாது."

என் பயம் வெறும் பயமாக இருந்தால்? அவன் வாழ்க்கையையே அல்லவா கெடுத்துவிட்டேன்.

தேய்பிறை ஆறு

மாலை சூடிப் போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. வடக்கே போருக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்று சொல்கிறார்கள். யார் சொன்னது என்று கேட்டால் தெரியவில்லை.

தேய்பிறை பதினொன்று

ஊற்றங்கரையில் நிக்கோ கேட்டாள்: "வடக்கே குளிர் ஜாஸ்தியாடி? போர்வை எதுவும் எடுத்துட்டுப் போகலையே அவரு."  எஜமானி பேசியதை மறுபடி சொல்லத்தான் போனேன். அதற்குப் பதில் அவள் குடத்தை நிரப்பிக் கொடுத்தேன்.

அடுத்த மாதம், வளர்பிறை மூன்று

மறுபடி அதிகாரி வந்தான். இந்த முறை குழலும் இல்லை, கட்டியக்காரனும் இல்லை. ஊற்றங்கரையில் எல்லோரையும் நிறுத்தி, சிரித்த முகத்தோடு கேட்டான்: "தீவுக்கு நீந்துனவங்கள்ல மிச்சம் யாராவது இருக்கீங்களா?"

குடத்தை இடுப்பில் இறுக்கிக்கொண்டேன்.

அண்ணன் முன்னால் வந்தான். தலை குனிந்திருந்தது. "இல்லைங்க, ஐயா. நான் இறங்கினேன், ஆனா பயந்து திரும்பிட்டேன். தேனை நான்தான் குடிச்சேன். கேட்டுப் பாருங்க, என் தங்கச்சி இங்கதான் நிக்கிறா."

அதிகாரி காறித் துப்பிவிட்டுப் போனான்.

அண்ணன் என் இடுப்பிலிருந்த குடத்தை வாங்கித் தன் தோளில் வைத்துக்கொண்டு, எனக்கு முன்னால் நடந்தான். அவன் முதுகெல்லாம் வியர்த்திருந்தது.