வெட்டியது எது?

மார்ச் 3, திங்கள்

பன்னிரண்டு பேர் முன்னால் இயக்குநர் சொன்னார்: "உங்க ஆன்டிபாடி எந்த வைரஸ் புரதத்தையும் வெட்டலம்மா. கூட ஒட்டிக்கிட்டு வந்த அழுக்கு நொதிதான் வெட்டுது." ஆன்டிபாடிதான் வெட்டுகிறதென்று அடுத்த மாதக் கடைசிக்குள் நான் நிரூபிக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் என் எலிக் கூண்டுகள் பக்கத்துக் குழுவுக்குப் போய்விடும்.

"சரி சார்" என்றேன். சரி சாராம்! மூன்று வருட உழைப்புக்கு என் வாயில் வந்தது இவ்வளவுதானா?

மார்ச் 4

அழுக்காமே. என் குழாயில. அழுக்காமே.

மார்ச் 9, ஞாயிறு

அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவனுக்குச் சிறுநீரகம் மாற்றி ஆறு வருடமாகிறது. அதைக் காப்பாற்றுகிற மாத்திரை, உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அமுக்கி வைக்கிறது. எந்தத் தடுப்பூசியும் அவனிடம் சரியாகப் பலிப்பதில்லை. பேருந்துப் பணிமனையில் முகக்கவசத்தோடு இன்ஜின் பிரிக்கிறான்.

"உன் ஊசி அப்படி என்னதான் பண்ணும்? எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

வழக்கமான ஊசி போட்டால் உடம்பில் ஊறுகிற ஆன்டிபாடி, போலீஸ்காரர் மாதிரி ஒரு வைரஸைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அத்தோடு அதன் கை நிறைந்துவிடும். எங்கள் ஊசி போட்ட எலிகளில் ஊறுவது, வைரஸின் புரதத்தைப் பிடித்து, வெட்டிப் போட்டுவிட்டு, அடுத்ததற்குப் போகும். அதனால் கொஞ்சம் ஊறினாலே போதுமாக இருக்கலாம், இவனைப் போன்ற உடம்புக்கும்.

"அப்ப போலீஸ் இல்ல, கசாப்புக் கடைக்காரர்னு சொல்லு."

சிரித்தோம். பிறகு மெதுவாகக் கேட்டான்: "நிஜமாவே வெட்டுதா?"

வெட்டுது என்றேன். தேவைக்கு மேல் சத்தமாக.

மார்ச் 12

வழி இருக்கிறது. எங்களிடம் இருக்கிற ஐந்து ஆன்டிபாடிகளுக்கும் ஆளுக்கொரு நகல் செய்யப் போகிறேன், வெட்டுகிற இடத்தில் புரதச் சங்கிலியின் ஒரே ஒரு கண்ணியை மட்டும் மாற்றி. நகல் பிடிக்கும், வெட்டக் கூடாது. மழுங்கல் என்று பெயர் வைத்தாயிற்று. மழுங்கலும் வெட்டினால் இயக்குநர் சொன்னதுதான் சரி.

வெட்டாது.

ஏப்ரல் 2, புதன்

ஐந்து மழுங்கலும் வெட்டுகின்றன.

புரதங்களை அளவு வாரியாகப் பிரித்துக் காட்டுகிற ஜெல்லில், வெட்டுப்பட்ட துண்டுகள் பல்லை இளித்துக்கொண்டு நிற்கின்றன. ஆன்டிபாடிகளைச் சுத்திகரித்துத் தருகிற அக்கா கதவைச் சாத்தினார். "இதை யார்கிட்டயும் காட்ட வேணாம். இன்னொரு வாட்டி பண்ணிட்டுப் பாத்துக்கலாம்." பாசத்தில் சொன்னதுதான்.

ஏன் காட்டக் கூடாது? நான் என்ன திருடிட்டேனா? ஜெல் படத்தை எடுத்துக்கொண்டு நேரே இயக்குநர் அறைக்குப் போனேன்.

"நீங்க சொன்னது சரி சார். அழுக்கு இருக்கு."

கண்ணாடியைக் கழற்றி வைத்தார். ஜெயித்தவர் முகமாக இல்லை. "அப்ப நிறுத்திடலாமா?"

"அழுக்கு வெட்டுதுன்னுதான் சார் இது சொல்லுது. ஆன்டிபாடி வெட்டலன்னு சொல்லல. மாசக் கடைசி வரைக்கும் டைம் இருக்கு. நான் நிறுத்த மாட்டேன்."

படத்தை அவர் மேசையிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 5

பழைய வடிகட்டி, பழைய கரைசல், பழைய குழாய் எல்லாம் குப்பைக்கு. புதுப் பாத்திரத்தில், ஆன்டிபாடி சுரக்கிற புது செல்கள். "மாமியார் வர்றாங்கன்னு சொன்னப்பகூட நான் இப்படித் தேய்ச்சதில்ல" என்கிறார் அக்கா.

ஏப்ரல் 22

அழுக்கு நீக்கிய அசல் ஆன்டிபாடிகளின் ஜெல் வந்தது. ஒன்று, வெட்டவில்லை. இரண்டும் இல்லை. மூன்று, நான்கு — இல்லை, இல்லை.

இந்த நான்கைப் பற்றித்தான் கட்டுரை எழுதி, மேடையேறிக் கைதட்டல் வாங்கினேன். காது சுடுகிறது. சுடட்டும். ஐந்தாவதன் ஜெல் நாளைக்கு.

ஏப்ரல் 23

வெட்டுது! மழுங்கல் வெட்டல! மெதுவாத்தான், ஆமை மாதிரி, ரெண்டு நாள் எடுத்துக்குது — ஆனா அதுதான் வெட்டுது, அதுவேதான்.

அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டார்.

ஏப்ரல் 28

இயக்குநர் நம்பவில்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன். ஐந்தாவதும் அதன் மழுங்கலும் இருந்த குழாய்களில் பெயரை மறைத்து எண் மட்டும் ஒட்டி அவரே கொடுத்தார். எது எதுவென்று எழுதிய தாள் அவர் சட்டைப் பையில். கொடுங்க சார், எத்தனை வேணாலும் கொடுங்க.

ஏப்ரல் 30

எது வெட்டியது, எது வெட்டவில்லை என்று நான் எழுதிக் கொடுத்த எல்லா எண்ணும் பொருந்தின. தாளை இரண்டு முறை படித்தார். கூண்டுகள் என்னிடமே இருக்கின்றன.

மே 6, செவ்வாய்

காலையில் முதல் வேலையாக, பழைய கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை அனுப்பினேன். நான்கிலும் வெட்டியது அழுக்குதான் என்று என் கைப்பட எழுதி. பேசுகிறவர்கள் பேசட்டும்.

மதியம், ஐந்தாவது வகை மட்டும் ஊறும்படி திருத்திய ஊசியைப் பன்னிரண்டு எலிகளுக்குப் போட்டோம். அதில் ஆறுக்கு, அண்ணன் தினமும் விழுங்குகிற அதே மாத்திரையைத் தண்ணீரில் கலந்து கொடுக்கிறோம். கடைசி எலி கட்டைவிரலைக் கடித்துவிட்டது.

நிமிர்ந்தால் கூண்டறை வாசலில் இயக்குநர்.

"முதல் ரத்தம் எப்ப எடுப்பீங்க?"

"இருபத்தேழாம் தேதி சார்."

பேனாவை எடுத்தார். தாள் தேடினார், கிடைக்கவில்லை. உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போனார்.