நான் எழுதிய உங்கள் மன்னிப்பு

அக்கா,

மகளைப் பள்ளியில் சேர்க்க வருமானச் சான்றிதழ் வேண்டியிருந்தது. நேற்று உத்திரமேரூர் தாலுகா அலுவலகத்தில் வரிசையில் நின்றேன். அதிகாரி இன்னும் வரவில்லை. அவருடைய நாற்காலி மட்டும் இருந்தது, முதுகில் தோய்த்து மடித்த வெள்ளை டர்க்கித் துண்டுடன். ஜன்னல் வெயில் பட்டு அதிலிருந்து சோப்பு வாசனை வந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் உங்கள் குரல் கேட்டது. "பெரிய ஆபீசருங்க நாற்காலிக்குத் துண்டு போடுறாங்க இல்ல? நான் நூல்ல போடப்போறேன்." வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டேன். சான்றிதழ் வாங்காமலே வீட்டுக்குப் போனேன்.

நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது எழுதியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

உங்களை முதலில் சந்தித்தபோது எனக்கு இருபத்து நாலு வயது. பேருந்து நிலையத்துக்கு எதிர் மாடியில், நாலு கம்ப்யூட்டர் வைத்த பிரவுசிங் சென்டரில் வேலை. நீங்கள் காலனிக்குக் குடிநீர்க் குழாய் கேட்டு மனு தட்டச்சு செய்ய வந்தீர்கள். ஊராட்சித் தலைவராகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. அந்த முறை தலைவர் பதவி தாழ்த்தப்பட்ட பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதும், எதிர்த்துப் பேசாத ஆளாகப் பார்த்து நிறுத்த வேண்டும் என்று ஊர்ப் பெரியவர்கள் கூடி உங்களைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அவர்களில் முதல் ஆள் என் பெரியப்பா. துணைத்தலைவர் ஆனதும் அவர்தான்.

என் மடியில் பாதி முடிந்த குரோஷா பின்னல் டிவி உறை கிடந்தது. மனுவைப் பற்றிப் பேசுவதற்கு முன் நீங்கள் அதைத்தான் கையில் எடுத்தீர்கள்.

"சங்கிலி ரொம்ப இறுக்கமா போட்டுக்கினு கீறீங்க. ஒரு தபா தோய்ச்சா சுருண்டுக்கும்."

கேட்காமலே நாலு வரிசையைப் பிரித்துவிட்டீர்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. கன்னியாஸ்திரீகள் நடத்திய விடுதியில் பத்தாவது வரை படித்தபோது குரோஷா கற்றதாகச் சொல்லிக்கொண்டே, அந்த நாலு வரிசையையும் நான் மனுவைத் தட்டச்சு செய்து முடிப்பதற்குள் திரும்பப் போட்டுக் கொடுத்தீர்கள். மேசைமேல் வைத்தால் ஒரு மூலைகூடத் தூக்கவில்லை.

அதன்பிறகு ஒவ்வொரு புதன்கிழமையும் வந்தீர்கள். சென்டரில் உங்களை 'அக்கா' என்றேன், 'வாங்க' என்றேன். எங்கள் தெருவில் நீங்கள் நடந்து போகும்போது அப்படி அழைத்ததில்லை. உங்களைவிட இளையவளான என் அம்மா வாசலில் நின்றபடி, "இன்னா, பைப்பு எப்பத்தான் வரும்?" என்று ஒருமையில் கேட்பாள். நீங்கள் "வந்துடும்மா" என்பீர்கள். அந்த நேரங்களில் நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொள்வேன். உங்களை எப்படி அழைப்பது என்று முடிவெடுக்க வேண்டிய அவசியம் அங்கே வராது.

அப்போது நான் குரோஷா போடும் தமிழ்ப் பெண்களுக்காக ஓர் இணையக் குழு தொடங்கியிருந்தேன். ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுவோம். சென்னை, மதுரை, துபாய், சிங்கப்பூர் என்று எங்கெங்கிருந்தோ சேர்ந்தார்கள். உங்களுக்கும் ஒரு கணக்கு தொடங்கிக் கொடுத்தேன். நீங்கள் சொல்லச் சொல்ல நான் தட்டுவேன். கடவுச்சொல்லையும் நான்தான் வைத்திருந்தேன். உங்கள் நெற்கதிர் ஓரப் பின்னலின் விளக்கம் வந்த வாரம் குழுவே அதைப் போட்டுப் பார்த்தது. யாரோ உங்களுக்குக் 'கதிர் அக்கா' என்று பெயர் வைத்தார்கள். துபாயிலிருந்து ஒரு பெண், "கதிர் அக்கா, உங்கள் கையைத் தொட்டுக் கும்பிடணும்" என்று எழுதியிருந்ததை நான் படித்துக் காட்டினேன். நீங்கள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தீர்கள்.

ஊராட்சி அலுவலகம் ஒற்றை அறை. நாற்காலியும் ஒன்றுதான். அதில் பெரியப்பா உட்கார்வார். உறுப்பினர்களுக்குப் பெஞ்சு. நீங்கள் வாசற்படியில் உட்கார்ந்து, உள்ளேயிருந்து நீட்டும் இடத்தில் கையெழுத்துப் போடுவீர்கள். ஊரில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நீங்களும் நானும் அதைப் பற்றிப் பேசியதில்லை. ஒரு புதன்கிழமை நீங்கள் பையிலிருந்து எடுத்துக் காட்டிய வெள்ளை நாற்காலி உறைதான் பேச்சைத் தொடங்கியது. சுற்றிலும் நெற்கதிர், நடுவில் அசோகச் சக்கரம், இருபத்து நாலு ஆரக்காலும் எண்ணிப் போட்டது.

"இதக் கொண்டுபோயி நாற்காலில மாட்னேன். துணைத்தலைவரு கழட்டிப் படியில போட்டாரு. குழுவுல இதப் படம் புடிச்சிப் போடலாமா?"

துணைத்தலைவர் என்றீர்கள், உங்க பெரியப்பா என்று சொல்லவில்லை. சென்டர் கேமராவில் படம் எடுத்தேன். நீங்கள் சொன்னீர்கள், தட்டினேன். ஊர்ப் பெயரோ ஆள் பெயரோ அதில் இல்லை. அனுப்பும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, நான் ஏதோ செய்துவிட்டதுபோல.

முதல் நாள் எல்லோரும் வேலைப்பாட்டைப் புகழ்ந்தார்கள். மறுநாள் ஒருத்தி, "இது பின்னல் குழு. அரசியல் வேண்டாமே" என்று எழுதினாள். அதற்கு இன்னொருத்தி, "உட்கார இடம் கேட்பது அரசியலா?" என்று கேட்டாள். மதுரைக்காரி ஒருவர், இட ஒதுக்கீட்டில் வந்தவர்களுக்குப் பொறுப்பு தெரியாது, அனுதாபம் தேடத்தான் தெரியும் என்று நீளமாக எழுதினார். அவ்வளவுதான். யார் எந்தக் கட்சி, யார் என்ன சாதி, யாருடைய மகனுக்குக் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை என்று எல்லாம் வெளியே வந்தது. நாலு நாள் ஒருவர்கூட ஒரு தையலைப் பற்றி எழுதவில்லை. பாதிப் பேர் உங்கள் மடலை நீக்காவிட்டால் விலகுவோம் என்றார்கள். மீதிப் பேர் நீக்கினால் விலகுவோம் என்றார்கள். சென்னையில் வக்கீலாக இருந்த ஒரு தோழி, தனி மடலில் என்னிடம் ஊர்ப் பெயரைக் கேட்டார். கொடுத்தேன். அது நான் செய்த ஒரே நல்ல காரியம்.

ஊர்ப் பெயர் எப்படியோ இன்னும் சிலருக்கும் போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பெரியப்பா வீட்டுக்கு வந்தார். அப்பா எழுந்து நின்றார்.

"இன்னாமா, நம்ம ஊரு மானத்த கம்ப்யூட்டர்ல போட்டு நாறடிச்சிக்கினு கீறியாமே? வாலாஜாபாத்ல மில்லுல ஒருத்தன் என்னயே கேக்குறான். அடுத்த மாசம் உன்னப் பாக்க வரவங்க அந்தப் பக்கத்து ஆளுங்கதான், தெரியுமில்ல?"

"நான் எழுதல பெரியப்பா. அவங்க சொன்னத டைப்புதான் அடிச்சேன்."

"அப்போ அவளே தப்புன்னு சொல்ட்டான்னு அடி. உன்னால முடியும்ல?"

அவர் கத்தவில்லை, அக்கா. அடிக்கவில்லை. கத்தினார், அடித்தார் என்று எழுத முடிந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருக்கும். அம்மா அவருக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை நான் நின்றேன். பிறகு 'சரி' என்றேன்.

திங்கட்கிழமை காலை, சென்டரைத் திறந்து பெருக்கிவிட்டு, உங்கள் கணக்கில் நுழைந்து நான்கு வரி எழுதினேன்.

"வணக்கம் தோழிகளே. பின்னல் குழுவில் நான் எழுதியது உண்மை அல்ல. ஏதோ கோபத்தில் எழுதிவிட்டேன். எல்லோரும் என்னை மன்னிக்கவும்."

பிறகு குழுவின் தலைவியாக என் சொந்தக் கணக்குக்கு வந்து, நாற்காலி உறைப் படத்தையும் உங்கள் மடலையும் அதற்கு வந்த பதில்களையும் அழித்தேன். அரசியல் பேசினால் நீக்கப்படுவீர்கள் என்று புதிய விதி போட்டேன். அந்த விதியின்படி முதலில் நீக்கியது உங்களைத்தான். கதிர் அக்காவை நம்பி வாதாடியவர்கள் வெட்கப்பட்டு விலகினார்கள். மற்றவர்கள் மறுநாளே தொப்பி அளவு கேட்கத் தொடங்கினார்கள். புதன்கிழமை நீங்கள் வந்தபோது, நெட் வேலை செய்யவில்லை என்றேன். அடுத்த புதனும் அதையே சொன்னேன். பக்கத்து நாற்காலியில் ஒருவர் ரிசல்ட் பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் அவரைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள், "சரிம்மா" என்று இறங்கிப் போனீர்கள்.

ஆனால் வக்கீல் தோழி அதற்குள் மனு அனுப்பிவிட்டிருந்தார். விசாரிக்க ஓர் அதிகாரி ஊருக்கு வந்தார். நல்ல மனிதர். உங்களைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்றார். அப்போது, என்னையும் கூட அழைத்துவந்திருந்த பெரியப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். நான் அச்செடுத்துக் கொடுத்த தாள். "அந்தம்மாவே எழுதிக் குடுத்துட்டாங்க சார். டைப் அடிச்ச பொண்ணு இதோ கீது."

அதிகாரி அந்தத் தாளை உங்களிடம் கொடுத்தார். ஆங்கில எழுத்துகளைக் கூட்டிக் கூட்டி நீங்கள் படித்தீர்கள். வெகு நேரம் ஆனது. படித்து முடித்து என்னைப் பார்த்தீர்கள். அதிகாரி என்னிடம், "இது இவங்க சொல்லி நீ அடிச்சதாம்மா?" என்று கேட்டார்.

"ஆமாம் சார்" என்றேன்.

நீங்கள் மறுப்பீர்கள் என்று காத்திருந்தேன். மறுத்திருந்தால் நான் அழுதிருப்பேன், உண்மை வந்திருக்கும் என்று பின்னாளில் எனக்கே சொல்லிக்கொண்டேன். நீங்கள் தாளை மடித்து அதிகாரியிடம் கொடுத்துவிட்டு, "வேற எதுனா கேக்கணுமா சார்?" என்றீர்கள். அவர் எதையோ எழுதிக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

அடுத்த கூட்டத்துக்கு நீங்கள் உங்கள் வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தலையில் சுமந்துகொண்டு ஊர்த்தெரு வழியாக நடந்து வந்தீர்கள். அதன் முதுகில் அந்த உறை. அறைக்குள் போட்டு உட்கார்ந்தீர்களாம். பெரியப்பா வெளிநடப்பு செய்தார், மூன்று உறுப்பினர்கள் பின்னால் போனார்கள். இரண்டாம் கூட்டத்துக்கும் வரவில்லை. உங்கள் கையெழுத்து இல்லாமல் ஒன்றும் நகராது என்று புரிந்ததும் மூன்றாம் கூட்டத்துக்கு வந்தார்கள். ஐந்து வருடப் பதவி முடியும்வரை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள், தூக்கிக்கொண்டு போனீர்கள். காலனிக்குக் குழாய் வந்தது. எங்கள் தெருவுக்கும் வந்தது. அதில்தான் என் அம்மா தண்ணீர் பிடித்தாள்.

எனக்குக் கல்யாணம் ஆகி, மகள் பிறந்து அவள் நடக்கத் தொடங்கிய பிறகுதான் உங்கள் வீட்டுக்கு வந்தேன். பிறந்து வளர்ந்த ஊரில் காலனிக்குள் கால் வைத்தது அன்றுதான் முதல்முறை. வழி கேட்க வேண்டியிருந்தது.

"உக்காரு" என்றீர்கள். அதுவரை என்னை 'நீங்க' என்றே அழைத்த நீங்கள். டீ கொடுத்தீர்கள், குடித்தேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் குழந்தையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். நீங்களே தொடங்கினீர்கள்.

"அந்தக் காயிதத்துல வணக்கம்னு போட்டிருந்தே. நான் ஒரு நாளாவது வணக்கம்னு சொல்லிக் கேட்டுக்கிறியா? விடுதில பழகினது, தோத்திரம்னுதான சொல்லுவேன்?"

"தெரிஞ்சும் ஏங்க்கா அன்னிக்கே சொல்லல?"

"நான் சொன்னா யாரு நம்பப்போறாங்க? அது உன் வாயில வரணும். ஒன்னும் வேணாம், அந்த ஆபீசருக்கு ஒரு லெட்டர் எழுது. அந்தப் பொம்பளைங்க எல்லாருக்கும் எழுது. கதிர் அக்கா பொய் சொல்லலன்னு. அவ்ளோதான்."

"எழுதறேங்க்கா."

"எப்போ?"

"இந்த வாரமே."

நீங்கள் என்னை மன்னித்ததாகச் சொல்லவில்லை. மன்னிக்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஒரு வேலை கொடுத்தீர்கள். அதை நான் செய்யவில்லை. முதலில் பெரியப்பா உயிரோடு இருக்கிறாரே என்று தள்ளிப்போட்டேன். அவர் இறந்த பிறகு, இறந்தவரைப் பற்றி எப்படி என்று தள்ளிப்போட்டேன். கடைசியாக உங்களைப் பார்த்தது பேருந்தில். மிகவும் இளைத்திருந்தீர்கள். நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. நான் ஒரு நிறுத்தம் முன்னதாகவே இறங்கிக்கொண்டேன். நீங்கள் இறந்த செய்தி எனக்கு நாலு நாள் கழித்துத்தான் தெரிந்தது, அதுவும் அம்மா சொல்லி. "அந்தத் தலைவரம்மா போயிட்டாங்களாம்" என்றாள். என் அம்மா உங்களை 'தலைவரம்மா' என்றாள், அக்கா. எப்போதிருந்து அப்படிச் சொல்லத் தொடங்கினாள் என்று எனக்குத் தெரியாது.

நேற்று தாலுகா அலுவலகத்திலிருந்து வந்து, மகளை அம்மாவிடம் விட்டுவிட்டு எழுதினேன். அந்த அதிகாரி ஓய்வு பெற்றிருப்பார். எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. அவருடைய பழைய அலுவலகத்துக்கே நடந்ததை எழுதி, என் பெயரும் முகவரியும் போட்டுத் தபாலில் சேர்த்தேன். பிறகு குழுவுக்கு எழுதினேன். இப்போது அங்கே யாரும் எழுதுவதில்லை. கடைசி மடலே எட்டு மாதத்துக்கு முந்தையது. யார் படிக்கப்போகிறார்கள் என்ற எண்ணம்தான் என் விரலுக்குத் துணிச்சல் கொடுத்தது என்றும் சொல்லிவிடுகிறேன்.

இன்று காலை பார்த்தால் ஒரே ஒரு பதில். அந்த மதுரைக்காரி. "அன்று நானும் ரொம்பப் பேசிவிட்டேன். மனதில் இருந்துகொண்டே இருந்தது. கதிர் அக்காவிடம் நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும். அவர் நம்பர் கொடுக்க முடியுமா?"

நீங்கள் இல்லை என்று அவருக்கு எழுதினேன். என்னிடம் உங்கள் நம்பர் இத்தனை வருடமும் இருந்தது என்பதையும் எழுதினேன். நீங்கள் அன்று எழுதிய மடல் எங்காவது கிடைக்குமா என்று அவர் திரும்பக் கேட்டிருக்கிறார். இன்னொரு முறை படிக்க வேண்டுமாம். உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னது ஒரு பக்கம் இருக்கும். நாற்காலியைப் பற்றிச் சொன்னீர்கள், வாசற்படியில் வெயில் ஏறுவதைப் பற்றி ஏதோ சொன்னீர்கள், கடைசியில் ஒரு கேள்வி கேட்டீர்கள். கேள்வி என்னவென்று நினைவில்லை. உங்கள் பெயரில் நான் எழுதிய நான்கு வரி மட்டும் ஓர் எழுத்துப் பிசகாமல் எனக்கு மனப்பாடம்.