சலவைக்கூடத்தில் இரண்டு குரல்

அன்புள்ள அம்மாவுக்கு, ஸ்தோத்திரம். மூட்டுவலி தேவலையா?

இஸ்திரி இயந்திரம் போன வாரம் கையைக் கொஞ்சம் சுட்டுவிட்டது. "ஐயோ, எந்தக் கைடா?" என்று பதறாதீர்கள். இடது கைதான், ஆறிவருகிறது. போனில் சொன்னால் குரல் காட்டிக்கொடுத்துவிடும், அதனால்தான் எழுதுகிறேன்.

வலி தாங்காமல், நம் வீட்டு ஜெபத்தில் பாடும் பாட்டை முணுமுணுத்தேன். பக்கத்தில் விரிப்பு மடிப்பவர், என்னோடு ஒரு வார்த்தைகூடப் பேசாதவர், அதே ராகத்தைத் தம் மொழியில் பாடத் தொடங்கினார்! ஆண்டவரே பக்கத்தில் வந்து நின்றதுபோல் சந்தோஷம், அம்மா. அழுதே விட்டேன். மறுநாள் அவரை வேறு ஷிப்டுக்கு மாற்றிவிட்டார்கள். தனியாகத்தான் பாடுகிறேன். ஆனாலும் பாடுகிறேன்.

சாயங்கால ஜெபத்தில் எனக்குப் போன் போட்டு அருகில் வைத்துவிடுங்கள், பேச வேண்டாம். ஆமென் சொல்லுமுன் மட்டும் கொஞ்சம் பொறுங்கள். என் குரலும் வந்து சேரட்டும்.

மணி அடிக்கிறது, ஓடுகிறேன்.

உங்கள் மகன்