இடது பக்கம் இழுக்கும் கார்

ஹட்டனில் மூன்று வாரமாக வெயில் இல்லை. என் கடையின் பின்னறையில், நாம் கம்ப்யூட்டரோடு மாட்டி ஓட்டிய அந்த ஸ்டீயரிங்கில் பூஞ்சணம் பிடித்திருந்தது. துடைக்கலாம் என்று எடுத்தேன். ரப்பர் பிடியில் மெசின் எண்ணெய் வாசனை இன்னும் போகவில்லை. பெக்டரி வேலை முடிந்து கையைச் சரியாகக் கழுவாமலே வந்து உட்காருவாய். எத்தனை தடவை ஏசியிருப்பேன். இன்றைக்குத் துடைக்காமலே வைத்துவிட்டேன்.

பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே நம் இருவருக்கும் பந்தயக் கார் பைத்தியம். பிறகு, கம்ப்யூட்டர் பந்தய விளையாட்டுக்குள் பழைய கார்களை நாமே செய்து ஏற்றத் தொடங்கினோம். நாலு சக்கரமும் உடம்புக்கு வெளியே நிற்கும், ஓர் ஆள் மட்டும் உட்காரக்கூடிய கார்கள். உருவம் என் வேலை. எடை, எஞ்சின், பிரேக் எல்லாம் தேயிலை பெக்டரியில் மெசின் பழுதுபார்க்கும் பிட்டரான உன் வேலை.

அப்படித்தான் நுவரெலியாவில், நாம் மாத்தயா என்று மரியாதையாகக் கூப்பிட்ட ஒரு சிங்களப் பெரியவரின் வீட்டுக்குப் போனோம். அவருடைய அண்ணன் மலையேற்றப் பந்தயத்தில் ஓட்டிய கார், கராஜில் தார்ப்பாய்க்குக் கீழே கிடந்தது. அதே காரோடு ஒரு வளைவில் பள்ளத்தில் விழுந்துதான் அண்ணன் செத்திருந்தார்.

"குடிச்சிட்டு ஓட்டினான்னு ஊரே சொல்லிச்சு. எங்கம்மா சாகிற வரைக்கும் அதைக் கேட்டுக்கிட்டே இருந்தாங்க," என்று சிங்களத்தில் சொன்னார்.

நான் நாடாவால் அளந்துகொண்டிருந்தேன். நீ காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தாய். வெளியே வந்தபோது உன் முகம் வேறு மாதிரி இருந்தது.

"மாத்தயா, வலது பக்க பிரேக் குழாய் வேற வண்டியோடது. ரொம்ப மெலிசு. வலது சக்கரம் பிந்தித்தான் பிடிக்கும். மிதிச்சா வண்டி இடது பக்கம் இழுக்கும்."

"பள்ளம் இடது பக்கம்தான்," என்றார் அவர் மெதுவாக.

"நாங்க இதை அப்படியே செய்றோம்ங்க. ஓட்டிப் பாக்கிற எல்லாருக்கும் தெரியட்டும், தப்பு உங்க அண்ணன் மேல இல்லன்னு."

சொன்னபடியே செய்தாய், அண்ணன் விழுந்த அந்த மலைப்பாதையோடு சேர்த்து. முன்னோட்டமாக ஓட்டிப் பார்த்தவர்கள் எல்லாரும் அந்த வளைவில் விழுந்தார்கள். ஓட்டவே முடியவில்லை என்று எழுதினார்கள். அப்போது நீ சிறுநீரகம் கெட்டு கண்டி ஆஸ்பத்திரியில் கிடந்தாய். உன்னைக் கேட்காமல் இரண்டு பக்கப் பிரேக்கையும் சமமாக்கி வெளியிட்டேன். பாராட்டு குவிந்தது. அந்தச் சந்தோசத்தில் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்து, நான் ஓட்டிய வீடியோவைப் போனில் உனக்குக் காட்டினேன். கார் வளைவில் வழுக்கிக்கொண்டு திரும்பியதைப் பார்த்தாய்.

"இது அந்தக் கார் இல்லடா. அந்த மனுசனுக்கு நீ என்ன சொல்லுவ? முதல்ல பழையபடி மாத்து."

அடுத்த மாதம் நீ போய்விட்டாய்.

கொஞ்ச நாளில் மாத்தயா பஸ் ஏறிக் கடைக்கு வந்தார். அண்ணனின் கார் விளையாட்டில் வந்துவிட்டதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். உட்கார வைத்தேன். பயந்து பயந்துதான் ஓட்டினார். வளைவில் பிரேக்கை மிதித்தார். கார் அழகாகத் திரும்பியது. நாலு தடவை ஓட்டினார், நாலு தடவையும் திரும்பியது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"லேசாத்தான் இருக்கு. அப்ப அண்ணன் குடிச்சுத்தான் இருந்திருக்கணும்."

எழுந்து வாசல் வரைக்கும் போய்விட்டார். பின்னாலேயே ஓடினேன்.

"இல்லங்க மாத்தயா. நான்தான் மாத்தினேன். வண்டி இப்படி இல்லங்க."

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீ எழுதிவைத்த எண்களைத் திரும்பப் போட்டேன். மறுபடி உட்கார்ந்தார். அதே வளைவு, அதே பிரேக். ஸ்டீயரிங் அவர் கையை உதறிக்கொண்டு திரும்பியது. திரை முழுக்கத் தேயிலைச் செடி, பிறகு வானம். நெடுநேரம் பிடியை விடாமல் இருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "அந்த மத்தப் பிள்ளை எங்க? அவன்கிட்ட சொல்லணும்."

சொன்னேன். என் தோளைத் தட்டிவிட்டு, குடையை விரிக்காமலே மழையில் இறங்கிப் போனார்.

அவரிடம் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. கடைசியாக உன்னைப் பார்த்த அன்று, மூக்கில் குழாயோடு, "மாத்திட்டியாடா?" என்று கேட்டாய். "மாத்திட்டேன்," என்றேன். மாற்றியிருக்கவில்லை. பாராட்டு குறைந்துவிடும் என்று தள்ளிப்போட்டிருந்தேன். இப்போது யார் ஓட்டினாலும் கார் இடது பக்கம்தான் இழுக்கிறது. ஆனால் நீ கேட்ட அன்று அது இழுக்கவில்லை.

நீ கண்ணை மூடிக்கொண்டு "சரிடா" என்றாய். எனக்கு மிஞ்சியிருப்பது அந்தச் "சரிடா"தான்.