அவன் யார் நம்மைச் சொல்ல?

அன்புள்ள மதிவதனி,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? "தப்ப பக்கத்து வகுப்பு சார் கண்டுபிடிச்சா, என் கணக்கு சரின்னு ஆயிடுமா சார்?" என்று, நான் கணக்கு வாத்தியாராக இருந்தபோது ஒரு மாணவி கேட்டது இப்போது நினைவுக்கு வருகிறது.

நம் நாட்டுத் தொழிலாளர்களால் வாய் திறக்க முடியாது என்று ஓர் அயல்நாட்டு அதிபர் பேசினாராம். சுங்குவார்சத்திரத்தில், நான் வார்டனாக இருக்கும் இந்தத் தொழிற்சாலைப் பெண்கள் விடுதியிலும் ஒரே கோபம்.

"நம்மளச் சொல்ல அவன் யாரு?" என்றார் தொழிற்சாலை சூப்பர்வைசர் திருமலை.

"யாரா இருந்தா இன்னாண்ணா? லைன்ல குடிக்கத் தண்ணி கேட்ட பொண்ண வூட்டுக்கு அனுப்பினீங்களே" என்றாள் விடுதியில் தங்கி அங்கே வேலை செய்யும் அமலா.

மறுநாள் அவளுக்கும் வேலை போய்விட்டது. அறையைக் காலி செய்யச் சொல்லும் தாளை நான்தான் நீட்டினேன். "என் பக்கெட்ட நீங்க வச்சிக்கோங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எலுமிச்சை ஊறுகாய் அனுப்பு. தனியாகச் சாப்பிடும்போது எதுவும் இறங்குவதில்லை. மெஸ்ஸில் ஏதோ வேலையாகக் கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன். உன் ஊர்க் கம்பெனிக்காரர்களும் அந்த அதிபரைத் திட்டுகிறார்கள் என்று எழுதியிருந்தாயே, அவர்களிடம் அமலாவுக்கு ஒரு வேலை கேட்டுப் பார்.

பாண்டுரங்கன்