இரண்டாகத் தெரிந்த அம்மா

ஏ லட்டு,

இன்று காலையில் உன் தம்பிக்கும் இடது இமை வீங்கிவிட்டது. அன்றைக்கு உனக்கு வீங்கியபோது வந்தது போலவே உன் கோமதி அத்தை நாமக்கட்டியோடு வந்து நின்றாள். "கண்கட்டிதான் பிள்ள. உரசிப் போடு, ரெண்டு நாள்ல வத்திரும்," என்றாள். அதே வார்த்தை. வெட்கமாக இல்லையா அவளுக்கு?

"ஒண்ண மண்ணுல வச்ச பெறவுமா மதினி?" என்று கேட்டுவிட்டு அவனைத் தூக்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டரம்மா தன் விரலை அசைத்து, அவனை அதையே பார்க்கச் சொன்னார். அவன் கண் வலியில்லாமல் எல்லாப் பக்கமும் திரும்பியது. காய்ச்சலும் இல்லை. கிருமி இமையோடு நிற்கிறது, மாத்திரை போதும், நாளைக்கும் காட்டு என்றார். கிருமி கண்ணுக்குப் பின்னால் போனால்தான் கண் பிதுங்குமாம், எல்லாம் இரண்டாகத் தெரியுமாம். அப்போது ஒரு மணி நேரம்கூட வீட்டில் வைக்கக்கூடாதாம், நரம்பில் மருந்து ஏற்ற வேண்டுமாம்.

இதை அன்றைக்கு எனக்கு யார் சொன்னார்கள்? மெடிக்கல்காரன் உன்னைப் பார்க்காமலே "கண்ணு வந்திருக்கும், வெறும் கண்வலிதான்" என்று சொட்டு மருந்து தந்தான். அத்தை இன்னமும் உன்னைக் கொண்டுபோனது திருஷ்டி என்றே தாராவி முழுக்கச் சொல்லித் திரிகிறாள்.

அவர்களை மட்டும் திட்டி என்ன? காய்ச்சலோடு கிடந்த நீ வீங்கிய கண்ணைக் கஷ்டப்பட்டுத் திறந்து, "அம்மா, நீ ரெண்டு பேரா இருக்க," என்றாய். விளையாடுகிறாய் என்று நினைத்து, "அப்ப ஒருத்தி சமைக்கட்டும், ஒருத்தி உங்கூட படுக்கட்டும்," என்று சிரித்தேன்.

அந்த இரண்டு பேரில் ஒருத்திக்காவது உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடத் தோன்றியிருக்கக் கூடாதா?

உன் அம்மா