அத்தான் எழுதிய உறைகள்

1953 ஜூன் 8
கொட்டாரக்கரையிலிருந்து யோசுவா என்பவர் நம் இன்ஷ்யூரன்ஸ் ஆபீஸுக்கு நேரில் வந்தார். கையில் நாம் அனுப்பிய அனுதாபக் கடிதம். அவர் காலமானதற்கு வருந்துகிறோம் என்று அவர் வீட்டுக்கே எழுதியிருக்கிறோம். பிரித்துப் படித்தது அவர் மனைவியாம். "ஞான் மரிச்சிட்டில்ல சாரே" என்றார், சாந்தமாகவே.

இறந்தவர் தெக்கேதில் யோசுவா. வந்தவர் வடக்கேதில் யோசுவா. உறை எழுதியவர் அத்தான் தாணுலிங்கம். இங்கே மலையாள நாட்டில் வீட்டுப் பெயர்தான் ஆளைப் பிரித்துக் காட்டும்; நாஞ்சில் நாட்டிலிருந்து வந்த அத்தானுக்கு அது வெறும் அலங்காரம், விட்டுவிடுகிறார். இது மூன்றாவது தடவை.

ஹெட்கிளார்க் நான். என் கீழே வேலை பார்ப்பவர் என் அக்காள் புருஷன். எப்படிச் சொல்ல?

ஜூன் 9
எல்லாருக்கும் பொதுவாக ஒரு சர்க்குலர் போட்டேன்: வீட்டுப் பெயர் இல்லாமல் உறை போகக்கூடாது. அத்தான் கையெழுத்துப் போட்டுவிட்டு, பக்கத்து மேஜை வெங்கடேஸ்வரனைக் கவனமாக இருக்கச் சொன்னார்.

ஜூன் 22
சர்க்குலரால் பலனில்லை. இன்று முதல் காலை எட்டு மணிக்கே வந்து, தபால் போகுமுன், அவர் முந்தின நாள் எழுதிய உறைகளை நானே திருத்துகிறேன். ஒன்பதில் வீட்டுப் பெயர் இல்லை.

ஆகஸ்ட் 3
பதினொன்று.

நவம்பர் 17
சென்னையிலிருந்து இன்ஸ்பெக்டர் சுந்தரராமன் வந்தார். ஐந்து மாதமாக அத்தான் பெயரில் ஒரு புகார்கூட இல்லையாம். கொல்லத்தில் திறக்கப்போகும் கிளைக்கு அவரே பொறுப்பாளர் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். வாயில் என்ன, கொழுக்கட்டையா வைத்திருந்தேன்?

நவம்பர் 18
பகவதியக்காள் முந்திரிக்கொத்து செய்து கொண்டுவந்தாள். கொல்லத்தில் வீடு பார்க்க வேண்டும், மூத்தவளுக்கு இனி நல்ல இடமாக வரும் என்றாள். நான் இரண்டு தின்றேன்.

கொல்லத்தில் காலை எட்டு மணிக்கு யார் வந்து திருத்துவார்கள்? தெக்கேதில் வீட்டு அம்மாளுக்குக் கடிதம் போய்ச் சேர இருபது நாள் ஆயிற்று. புருஷனைப் பறிகொடுத்தவள். இதைச் சொல்லாமல் இருந்தால் நான் மனுஷனா?

நவம்பர் 21
அத்தானிடம் சொல்லிவிட்டேன். ஆபீஸ் முடிந்து தம்பானூர் ஸ்டேஷன் வரை நடக்கும்போது, எல்லாவற்றையும். ஸ்டேஷன் வாசலில் அவர் நின்றுவிட்டார். பிறகு:

"அஞ்சு மாசமா திருத்துனீரு. எங்கிட்ட ஒரு நாளு சொல்லியிருக்கப்பிடாதா மாப்ளே? நான் ஒழுங்காத்தான் எழுதுதேன்னுல்லா நெனச்சேன்."

மரியாதைக்காகத்தான் சொல்லவில்லை என்றேன். மரியாதையா அது — பயமா? வெட்கமாக இருந்தது.

நவம்பர் 23
கொல்லம் வேண்டாம் என்று அத்தானே சென்னைக்கு எழுதிவிட்டார். காரணத்தையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். சாயங்காலம் அக்காள் வீட்டுக்குப் போனேன். காப்பி வரவில்லை.

டிசம்பர் 12
சென்னைப் பதில். அத்தானுக்கு ஆறு மாதத் தவணை. அதற்குள் சரியாகாவிட்டால் வேலை இல்லை. மறைத்ததற்காக என் ரிக்கார்டில் ஒரு கறுப்புக் குறிப்பு. நியாயம்தான்.

1954 ஜனவரி 6
அத்தான் இன்று நாற்பது உறை எழுதினார். இரண்டு தவறு. என் மேஜைக்குக் கூப்பிட்டு, எது தவறு, ஏன் தவறு என்று சொன்னேன். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை. நின்றபடியே கேட்டுவிட்டு, "சரி சார்" என்று வாங்கிக்கொண்டு போனார். ஐந்து நிமிஷத்தில் திருத்திக் கொண்டுவந்தார். இரண்டும் சரி.

அவர் என்னை மாப்ளே என்று கூப்பிட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது.